ஒரே மட்டத்தில் நின்ற வெள்ளம்

சாய்ந்தமருது
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்

என் அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் ரஹ்மத்தால் நானும் நம் மகள் ஸப்னாவும் நல்ல சுகம். உங்கள் சுகத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் இப்போது அப்படியே நம்புவதில்லை. அதற்கான காரணத்தைக் கடைசியில் எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது இவளுக்கு என்ன கடிதம் என்று சிரிப்பீர்கள். போனில் நான் வீட்டுக் கதையைத் தொடங்கினால், பாதியிலேயே "சரி சரி, மேசன் சொன்னபடி செய்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே. தம்பி பஸால் லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்புகிறான். தொதல் இனிப்போடு இதையும் அவன் கையில் கொடுத்து விடுகிறேன். முதலில் இதை வாசியுங்கள், பிறகு தொதலைத் தொடுங்கள்.

விஷயம் ஸப்னாவின் வளவைப் பற்றியது. கடற்கரைப் பக்கம் நாம் அவளுக்கென்று வாங்கிப் போட்ட அந்த வெறும் காணியில் ஆள் உயரத்துக்கு மண் நிரப்பாமல் வீடு கட்டக்கூடாது என்று பளீல் மேசன் சொன்னார் அல்லவா? போன மாரி வெள்ளம் நம் சமையலறைச் சுவரில் விட்டுப்போன மஞ்சள் கறையை நான் உங்களுக்கு வீடியோவில் காட்டினேன். மறுநாள், மண் நிரப்பும் செலவுக்காக வேலை ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டப்போவதாகச் சொன்னீர்கள். மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் நம் ஊரில் எந்த வாப்பா நிகாஹ் முடித்து வைத்தார் என்று கேட்டீர்கள்.

இப்போது அதற்குப் பதில் வந்திருக்கிறது மச்சான். அதைக் கொண்டுவந்தது தம்பிலுவில் ஊர்ப் பிள்ளை ஒருத்தி. பெயர் துசாந்தினி. நம் ஒழுங்கையில் வடிகான் கட்டுவதற்கு முன் நிலத்தின் உயரம் அளக்க வந்த சர்வேயர். நம் ஸப்னாவை விட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். தலையில் தொப்பி, காலில் பெரிய சப்பாத்து. வெயில் தாங்காமல் நம் முருங்கை நிழலுக்கு வந்தவளுக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தேன். கொடுத்த கையோடு நம் கதையையும் கொட்டினேன். என் வாய் உங்களுக்குத் தெரியும்தானே.

அவள் கேட்டது ஒன்றுதான். அந்தக் கறையைப் பார்க்கலாமா என்றாள். கூட்டிப்போய்க் காட்டினேன். கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, மேசன் இதை வைத்தா அளந்தார் என்று கேட்டாள். இல்லை, நெஞ்சளவு வெள்ளம் வந்தது என்று நான்தான் சொன்னேன் என்றேன். அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேசன் என்ன உயரம் என்று கேட்டாள். பளீல் மேசன் பனைமரம் மாதிரி ஆள் அல்லவா! நான் என் நெஞ்சைச் சொல்ல, அவர் வெறும் வளவில் நின்றுகொண்டு தன் நெஞ்சுக்கு அளந்திருக்கிறார். கடல் பக்கம் இன்னும் பள்ளமாக இருக்கும் என்று மேலே ஓர் அடியும் போட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. கடலை நோக்கிப் போகப்போக நிலம் பதிந்துகொண்டே போகும் என்றுதான் நாம் எல்லோருமே நினைத்திருந்தோம். வெள்ளம் வந்த நாளில் அந்தப் பக்கம் யார் போய்ப் பார்த்தது? பாய் தலையணையைப் பரணில் ஏற்றவே நேரம் போதவில்லை.

தன் வேலை முடிந்த பிறகு அவள் நமக்காக நின்றாள். தெரு முனை மதகில், கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று முன்பே குறித்த புள்ளி ஒன்று இருக்கிறதாம். அதன்மேல் இலக்கம் போட்ட நீளக் கோலை நிறுத்தி, முக்காலியில் வைத்த கருவியால் பார்த்தாள். பிறகு கருவியை அசைக்காமல் முன்னால் நிறுத்திய கோலைப் பார்த்தாள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரண்டு இடத்துக்கும் இடையில் உள்ள ஏற்ற இறக்கம் வந்துவிடுமாம். அதன் பிறகு கருவியைத் தூக்கி முன்னால் வைப்பாள். இப்படியே நம் சமையலறைக் கறைக்கும் வந்தாள், மூன்று ஒழுங்கை தாண்டி ஸப்னாவின் வளவுக்கும் போனாள். விஷயம் கேள்விப்பட்டு வந்த பளீல் மேசன், கோலைத் தானே பிடிப்பேன் என்று வாங்கிக்கொண்டார். முடிந்தது என்று நான் நினைத்தபோது, மறுபடி மதகு வரைக்கும் அளந்துகொண்டே திரும்பினாள். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்து, தொடக்கத்தில் இருந்த உயரமே கிடைத்தால்தான் நடுவில் பிழை இல்லை என்று நம்பலாமாம். கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்ரி, வெள்ளம் எல்லா இடத்திலயும் ஒரே மட்டத்திலதான் நிண்டிருக்கு. உங்கட இந்த வீடுதான் பள்ளம். மகள்ற வளவு மேடு. அங்க முழங்காலளவுக்கு மேல தண்ணி வந்திருக்காது."

நான் நம்பவில்லை. கருவிக்குக் கண் தெரியுமா என்று கூடக் கேட்டுவிட்டேன். அவள் கோபிக்கவில்லை. வளவின் பக்கத்து மதிலில் எருக்கஞ்செடியை விலக்கிப் பார்த்தாள். அங்கேயும் அதே மஞ்சள் கறை இருந்தது மச்சான். என் முழங்காலுக்குச் சரியாக இருந்தது. நான் அந்த மணலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பளீல் மேசனும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மண் நிரப்பத் தேவையில்லை. அத்திவாரத்தைக் கறைக்கு மேலே கொஞ்சம் உயர்த்திக் கட்டினால் போதும் என்று இருவரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். மிச்சக் கணக்கை நான் எழுதவில்லை, மனக்கணக்கில் நீங்கள் கெட்டிக்காரர். மேசன் இப்போது தேத்தண்ணிக் கடையில், தானே கண்டுபிடித்தது போலக் கதைத்துத் திரிகிறாராம். திரியட்டும்.

அந்தப் பிள்ளை காசு வாங்கவில்லை. மீன் ஆணமும் சோறும் கொடுத்தேன், இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஒவ்வொரு தொழுகையிலும் அவளுக்காகக் கையேந்துகிறேன், நீங்களும் கேளுங்கள். ஸப்னாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை ஸஹீதின் தாய் ஆசியா உம்மாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அவசரமில்லை, வாப்பா வந்து அத்திவாரக் கல் வைக்கட்டும், பிறகு நிகாஹுக்கு நாள் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். எவ்வளவு நல்ல மனிதர்களை அல்லாஹ் நமக்குத் தந்திருக்கிறான்.

இனிக் கடைசி விஷயம். வேலையிடத்தில் நீங்கள் தலை சுற்றி விழுந்ததையும், இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததையும் பஸால் வாய் தவறிச் சொல்லிவிட்டான். அவனை ஏசாதீர்கள். என்னிடம் மறைத்ததற்காக உங்களைத்தான் ஏச வேண்டும். நேரில் ஏசிக்கொள்கிறேன். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். ஸப்னாவின் வீட்டுக்கு இனி உங்கள் இரண்டு வருடம் தேவையில்லை. முதல் கல் வைக்க உங்கள் கை மட்டும் போதும்.

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது சமையலறைச் சுவரை மட்டும் வேண்டாம் என்றுவிட்டேன். அந்தக் கறை எனக்கு நெஞ்சளவு. வந்து அதன் பக்கத்தில் ஒருக்கால் நில்லுங்கள் மச்சான். உங்களுக்கு அது எவ்வளவுக்கு வரும் என்று யோசித்துப் பார்த்தேன், உங்கள் உயரமே நினைவுக்கு வரவில்லை.

உங்களை எங்களிடம் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்க அல்லாஹ் போதுமானவன்.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
சரீபா