மீட்டரில் வராத சூடு

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். சின்னவளுக்கு இருமல் நின்றதா? போனில் கேட்டிருக்கலாம். ஆனால் அண்ணன் பக்கத்திலேயே இருப்பார். அதனால் ஊருக்கு வரும் எங்கள் கம்பெனி ஸ்டோர்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வீடியோவில் அண்ணன் ஏன் தொப்பியோடு வருகிறார் என்று கேட்டுச் சிரித்தீர்கள். முன்முடியும் ஒரு புருவமும் கருகிவிட்டன, அண்ணி. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்களிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார். நான் செய்து கொடுக்கவில்லை.

அவர் லேத்தில் கடைவது மக்னீசியம். சூடு மிஞ்சினால் அதன் சீவல் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றினால் இன்னும் சீறும். எவ்வளவு சூடாகும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வதுதான் அங்கே என் வேலை. ஆர்டர் கூடியதும் லேத்தின் வேகத்தை ஏற்றிவிட்டார்கள். உளியும் உலோகமும் உரசும் இடத்தில் மீட்டரின் கம்பியை வைத்து அளக்க முடியாது. சற்றுத் தள்ளித்தான் வைக்க முடியும். அங்கே சூடு குறைவாகவே காட்டும். உளியின் முனையில் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். இந்த வேகத்தில் சீவல் பற்றும் என்று சொன்னேன். மேலாளர், "மீட்டர்ல இல்லாத சூடு உன் பேப்பர்ல மட்டும் எப்படிம்மா வந்துச்சு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாளே பற்றியது. அண்ணன் மணலைக் கொட்டி அணைத்தார்; முடி கருகியது அப்போதுதான். வேகத்தைக் குறைப்பார்கள் என்று நினைத்தேன். மணல் வாளி ஒன்று கூடுதலாக வைத்தார்கள்.

மறுபடியும் போய்ச் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். வேகம் குறையவில்லை.

வேலையை விட்டுவிடும்படி அண்ணனிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சிவிட்டேன். "ஏய் கணக்குப்புலி, உன்னைப் படிக்க வெச்சது என் வேலைக்கு உலை வைக்கறதுக்கா?" என்று தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிடுகிறார். நம் வீட்டில் முதலில் காலேஜ் படியேறியவள் நான். அந்தப் படிப்பு நடக்கப்போவதைக் காட்டுகிறது. அதைத் தடுக்க என் கையில் ஒன்றும் கொடுக்கவில்லை. அவர் லேத்தின் சத்தம் என் மேசை வரை கேட்கும். அது நின்றால் எழுந்து ஓடுகிறேன். பெரும்பாலும் டீ குடிக்கத்தான் நிறுத்தியிருப்பார்.

திங்கட்கிழமை முதல் வேகத்தை இன்னும் ஏற்றப் போகிறார்களாம். உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அவரை வரவழையுங்கள். என் பேச்சுக்குச் சிரிப்பவர் உங்கள் பேச்சுக்கு ஓடி வருவார். பொய் சொன்ன பாவம் என்னோடு போகட்டும். வந்தவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். சண்டை போடுவார், சோற்றுக்கு என்ன வழி என்று கேட்பார். அப்போதும் அனுப்பாதீர்கள்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். இதைப் படித்து முடித்ததும் அவருக்குப் போன் செய்யுங்கள், அண்ணி. எடுக்கும்வரை விடாமல் அடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்