படத்துக்குப் பொங்கிய பால்

1961 பெப்ரவரி 9, ஹட்டன்

இன்றும் கொக்கிப்புழுப் படம்தான். இறம்பொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டினோம். ஆங்கிலத்தில் ஓடும் படத்துக்கு மைக்கில் தமிழ் சொல்வது என் உத்தியோகம். வாத்தியார் வேலையை விட்டுவிட்டு தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் காட்டும் இந்த வேனில் ஏறியபோது, இது சுகமான பிழைப்பு என்று நினைத்தேன். நல்லாத்தான் நினைத்தேன்.

படத்தில் ஒருவன் குழாயடியில் சவர்க்காரம் போட்டுக் கால் கழுவுகிறான். புழு பாதத்தில் எப்படி ஏறுகிறது என்று தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் ஒரு பெண் எழுந்து கேட்ட ஒரே கேள்வி: "அந்தக் குழாய் எந்தத் தோட்டத்துலங்க இருக்கு?"

வேனில் ஏறிக்கொண்டேன்.

பெப்ரவரி 20, தலவாக்கலை

கொழும்பிலிருந்து படமெடுக்கும் கூட்டம் வந்திருக்கிறது. தேயிலையைப் பற்றி ஒரு படம், வெளிநாட்டில் காட்டவாம். டைரக்டருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆகவே கந்தோரில் என் மேலதிகாரிகள் என்னை மொழிபெயர்க்க அனுப்பிவிட்டார்கள். பனிமேட்டுத் தோட்டத்தில் வேலை.

கமராக்காரன் சிறில், கொழும்புக் கொட்டாஞ்சேனைப் பையன், தமிழ் பேசுகிறான். ராத்திரிச் சாப்பாட்டில் பெரிய பிரசங்கம். நிஜத்தை எடுக்கிற படங்களிலும் பல சாதி உண்டாம். வாத்தியார் மாதிரிப் பாடம் சொல்வது ஒன்று. கேள்வி கேட்டு வாயைக் கிளறுவது ஒன்று. கல்யாணத் தரகர் மாதிரி நல்லதை மட்டும் காட்டுவது ஒன்று. ஒன்றும் பேசாமல் ஓரமாக நின்று, நடப்பதை நடக்கவிட்டுப் பார்ப்பது இன்னொன்று.

"அந்தக் கடைசிதான் மாஸ்டர் எனக்குப் பிடிக்கும். ஆனா யாரு விடுறாங்க? ரீல் வீணாப் போகும்பாங்க."

"அப்ப நாம இங்க எடுக்கிறது?"

சிரித்தான். "பொண்ணு வீட்டுக்காரங்களுக்குக் காட்டுற படம்."

பெப்ரவரி 23

ஒரு காட்சிக்குப் பகல் முழுக்க. புதிய சுப்பவைசருக்காகத் தோட்டம் கட்டிய சின்ன வீடு ஒன்று, சுண்ணாம்பு காய்ந்தும் காயாமலும் சும்மா கிடக்கிறது. ஒரு தொழிலாளி குடும்பம் அதில் குடிபோவதாக எடுக்க வேண்டும் என்றார் டைரக்டர். தோட்டத்தை நடத்தும் பெரிய தொரையும் தலையாட்டினார். தொழிலாளர் வரிசைவீடான லயத்திலிருந்து, கொழுந்தெடுக்கும் காளியாயியையும், அவள் புருஷன் சோலைமலையையும், இரண்டு மகள்களையும் வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு கூட்டி வந்தார்.

வாசலில் வந்து நின்றவள் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"சும்மா படத்துக்குத்தாம்மா. போங்க," என்றேன்.

"படத்துக்குன்னாலும் புது வீடு புது வீடுதானுங்க மாஸ்டர். பால் காய்ச்சாம எப்படிங்க உள்ள போறது? புள்ளைங்க இருக்கில்ல."

டைரக்டரிடம் சொன்னேன். அவருக்குத் தலைகால் புரியவில்லை. எடு எடு என்கிறார்! லயத்து மாட்டுக்காரரிடம் பால் வாங்கி, சாமி படம் வைத்து, குத்துவிளக்கு இல்லாததால் சிமினி விளக்கை ஏற்றி, அடுப்பு மூட்டினாள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. காளியாயி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வெளிச்சம் போதவில்லை, இன்னொரு தடவை பொங்கச் சொல் என்றார் டைரக்டர்.

"பால் ஒரு தடவதாங்க பொங்கும்," என்று சட்டியை இறக்கிவிட்டாள்.

பெப்ரவரி 24

அவர்கள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை!

காலையில் கண்டாக்கு போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். காளியாயி பாயைச் சுருட்டிக்கொண்டே, "பால் பொங்கின வீட்ட விட்டு வெளிய போனா குடும்பம் வெளங்காதுங்க" என்றாளாம். என்னைக் கூப்பிட்டார்கள். நானும் எடுத்துச் சொன்னேன். சோலைமலை தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான். அவள் அசையவில்லை.

"நாங்களா கேட்டோம்? கூட்டியாந்தது நீங்க. பால் காய்ச்சையிலயும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

தொரை முதலில் சிரித்தார், பிறகு மேசையில் தட்டினார். டைரக்டர்தான், இன்னும் சில காட்சி பாக்கியிருக்கிறது, படம் முடியும்வரை இருக்கட்டும் என்று ஒரு பொய் சொல்லி வைத்தார். நல்ல மனுஷன். நாளைக்குக் கொழும்புக்குப் போய்விடுவார். இவள் எங்கே போவாள்?

மார்ச் 2, ஹட்டன்

தொண்டை கட்டிவிட்டது. என் மனைவி பவுலின் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். பேசாமல் இருப்பது எவ்வளவு நிம்மதி.

ஜூன் 14

வெளிநாட்டுக்கு என்று எடுத்த தேயிலைப் படம் இங்கேயும் காட்ட வந்துவிட்டது. 'தொழிலாளியின் புதிய இல்லம்' என்று தமிழ் வசனம் எழுதியவன் நானே. மழையோடு மழையாக மூன்று தோட்டங்களில் காட்டியாயிற்று. பால் பொங்கும்போது சனங்கள் குலவை போடுகிறார்கள். பெண்களின் கண் கலங்குகிறது. நேற்று ஒரு கிழவர் வேனுக்குப் பின்னாலேயே வந்து, "நம்ம லயத்து ஆளுகளுக்கும் இப்படி வருங்களா?" என்றார்.

தெரியாது என்று சொன்னேன். அது பொய். வராது என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 6, பனிமேடு

படத்தைக் கொழும்பில் பார்த்த பெரிய மனிதர்களெல்லாம் அந்த வீட்டை நேரில் பார்க்க வேண்டும் என்று வருகிறார்கள்; மொழிபெயர்க்க நானும் கூடவே. தொரைக்கு ஒரே பெருமை. ஆகவே காளியாயி குடும்பத்தை யாரும் இப்போது வெளியே போகச் சொல்வதில்லை. ஆனால் சட்டம் போட்டிருக்கிறார். சுவர் கறுக்கும், வீட்டுக்குள் அடுப்பு மூட்டக்கூடாது. வாசலில் துணி காயக்கூடாது. கோழி கூடாது. சமையல், முன்பு இருந்த லயத்துக் காம்பரா அறையில். சோற்றுப்பானையை மழையில் தலையில் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி வர வேண்டும். ஆட்கள் வருகிற அன்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகாமல், நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்று வந்தவர்கள் போன பிறகு, காளியாயி தூணில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"மாஸ்டர், இந்தப் படம் எப்பங்க முடியும்?"

"அது எப்பவோ முடிஞ்சிருச்சேம்மா."

"எங்களுக்கு முடியலையே."

வீடு கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேனே, மடையன். இது வீடில்லை. சிறில் சொன்ன தரகர் படம், ரீல் தீராமல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு வசனம் சொல்லிக்கொண்டிருப்பவன் நான்.

ஓகஸ்ட் 17

எழுதக் கை வரவில்லை. குளிர் ஒரு பக்கம்.

பனிமேட்டுக்கு வெளிநாட்டு அம்மாள் ஒருவரோடு இரண்டு கார். இறக்கத்தில் வரும்போதே பார்த்துவிட்டேன், அந்த வீட்டுக் கூரையில் புகை. தொரையின் முகம் சிவந்துபோயிற்று. உள்ளே ஈர விறகு, கண்ணைத் திறக்க முடியவில்லை. காளியாயி பழைய சேலையோடு ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிறாள். அம்மாள் இருமுகிறார்.

"யார் அடுப்பு போட சொன்னது?" என்று தொரை தன் தமிழில் கத்தினார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "மாஸ்டர், தொரைக்கிட்ட கேட்டுச் சொல்லுங்க. நாங்க இங்க குடியிருக்கோமா, குடியிருக்கிற மாதிரி காட்டுறோமா? ரெண்டுல ஒண்ணு சொல்லச் சொல்லுங்க. குடியிருக்கோம்னா அடுப்பு எரியும்."

என்ன சொல்கிறாள் என்று அம்மாள் என்னிடம் கேட்டார். 'வாங்க வாங்க என்கிறாள்' என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ தரம் அப்படிச் சொன்ன வாய்தானே? தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம் — அலுப்பு. அந்தப் பொய்யை இன்னொரு தடவை அழகாகச் சொல்லத் தெம்பில்லை. காளியாயி சொன்னதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

ரொட்டி கருகியது. அப்படியானால் இதுவரை எங்கே சமைத்தாள் என்று அம்மாள் கேட்டார். லயத்தைக் கைகாட்டினேன்.

ஓகஸ்ட் 18

மாத முடிவுக்குள் வீட்டைக் காலி பண்ண வேண்டுமாம், தொரை உத்தரவு. யாருக்காகக் கட்டினார்களோ அந்தச் சுப்பவைசர் சிவசாமிக்கே கொடுக்கப் போகிறார்கள். பாவி, நான்தானே வாயைத் திறந்தேன்! பவுலின், "நீங்க சொன்னது சரிதாங்க" என்கிறாள். சரிதான். ஆனால் மழையில் சாமானோடு இறங்கப் போவது நானா?

செப்டம்பர் 2, பனிமேடு

காளியாயியை இறக்கிவிட்டிருப்பார்கள் என்றுதான் போனேன். இல்லை!

முந்தாநாள் சிவசாமி சாமானை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் சம்சாரம் மீனம்மா வாசல்வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, அடுப்படியில் காளியாயியைக் கண்டதும் திரும்பிவிட்டாளாம்.

"பால் பொங்கின பொம்பளைய வெளிய தள்ளிப்புட்டு, அதே அடுப்புல நான் பால் காய்ச்சுறதா? எனக்கும் புள்ளைங்க இருக்குங்க. நீங்க வேணும்னா போய் இருந்துக்கங்க."

சிவசாமி என்ன சொல்லியும் கேட்கவில்லை. லொறி வந்த வழியே போய்விட்டது. தொரை விடவில்லை. வேறு ஆள் பார் என்று பெரிய கங்காணியிடம் சொல்லியிருக்கிறார். பெரிய கங்காணிக்கு ஆள் கிடைக்கவில்லை. தோட்டத்து ஸ்டாப் உத்தியோகத்தர் வீட்டுப் பெண்கள் ஒருத்தி விடாமல் வேண்டாம் என்றுவிட்டார்களாம். வீடு தருகிறேன் என்று ஒரு தொரை கூப்பிட்டு, ஆளாளுக்குத் தலையைச் சொறிந்துகொண்டு நழுவியது இந்த மலையில் இதுதான் முதல் தடவையாக இருக்கும். எத்தனையோ நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

செப்டம்பர் 19, ஹட்டன்

அந்த மொழிபெயர்ப்புக்காகக் கந்தோரில் நல்ல ஏச்சு. வேலையை விட்டு நிறுத்தவில்லை. இந்தத் தொண்டைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை போலும்.

நவம்பர் 27

சிறில் வந்து போனான். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து மின்சார வேலையைப் படமெடுக்கிறார்களாம். மலையைக் குடைவது, ஆற்றை மறிப்பது, பெரிய பெரிய இயந்திரம். கொழும்புப் பெரிய மனிதர்கள் இப்போது அங்கேதான் போகிறார்களாம். "தேயிலைப் படம் பழசாப் போச்சு மாஸ்டர்," என்றான்.

பனிமேட்டுக்கு இரண்டு மாதமாக யாரும் கூப்பிடவில்லை. தொரை அந்த வீட்டைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லையாம். இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

1962 ஜனவரி 22, தலவாக்கலை

அந்த வழியாகப் போனோம். டிரைவரை நிறுத்தச் சொல்லி, தனியாக மேட்டில் ஏறினேன். சுண்ணாம்புச் சுவரில் மழைக்கறை. வாசல் நிறையச் சேலை, பாவாடை, கம்பளி எல்லாம் காய்கிறது. உள்ளே போக வழியில்லை.

காளியாயி சேலைகளுக்கு நடுவே தலையை நீட்டிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. கை தானாகத் தலைமுடியைச் சரிசெய்தது.

"யாரையும் கூட்டியாந்திருக்கீங்களா?"

"இல்லம்மா. தேத்தண்ணி குடிக்க வந்தேன்."

"அவ்வளவுதானா?" என்று முடியை விட்டுவிட்டாள். "அப்பப் பின்பக்கமா வாங்க மாஸ்டர். அடுப்படியில உக்காரலாம்."