டைமர் திரையை எனக்குக் காட்டாத பாய்க்கு

பாய்,

இன்று காலை உங்கள் லத்தா பேட்டையில் ஒரு மின்விசிறிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டு மேசை விசிறி சில நாளாகச் சுற்ற மறுக்கிறது. கடைக்காரர் அதைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மோட்டார் போயிருச்சு, புதுசுதான் போடணும்" என்றார். நான் நம்பவில்லை. "மொதல்ல எண்ணெய் அடிச்சுப் பாருங்க" என்றேன். அலுத்துக்கொண்டே டப்பாவை எடுத்துச் சிலிக்கான் எண்ணெயை அடித்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், ஆற்றுக்கு அக்கரையில் தன்லி ஊர்ப் போட்டிக் கொட்டகையில் துப்பாக்கியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அதே எண்ணெயை அடிக்கும் நீங்கள் என் எதிரே வந்து நின்றுவிட்டீர்கள். விசிறி சுற்றியது. நான் கடைக்காரரை மறந்துவிட்டு, உங்களோடு மனத்துக்குள் சண்டை போட்டுக்கொண்டே பஸ் ஏறினேன்.

என்னைச் சந்தேகப்பிராணி என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். இருக்கட்டுமே. அலோன் துறைமுகக் கிடங்கில் என் வேலையே அதுதான். வந்த பெட்டியின் முத்திரை இருந்தபடி இருக்கிறதா, யாராவது உடைத்து ஒட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பதற்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள். அந்தக் கண்ணை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத் துப்பாக்கிப் போட்டிக்கு வா என்றால் எப்படி வருவேன்?

துப்பாக்கி என்றதும் எல்லோரும் ஒரு அடி பின்வாங்குவார்கள். அது வாயுவால் பிளாஸ்டிக் குண்டு துப்பும் கைத்துப்பாக்கிதான் என்று நானும் நீங்களும் எத்தனை பேருக்கு விளக்கியிருப்போம். ஓடி, தடுப்புக்குப் பின்னால் ஒதுங்கி, அட்டைகளையும் இரும்புத் தகடுகளையும் சுட வேண்டும். குறியும் வேண்டும், வேகமும் வேண்டும். வேகத்தை அளப்பது உங்கள் கையிலிருந்த டைமர். அது 'பீப்' என்று கத்தியதும் ஆட்டம் தொடங்கும். பிறகு ஒவ்வொரு சுடும் சத்தத்தையும் அது காதால் கேட்டுக் குறித்துக்கொள்ளும். கடைசிச் சத்தம் எப்போது கேட்டதோ அதுதான் நம் நேரம். ஒரு மனிதர் கையில் இருக்கிற ஒரு பெட்டியின் காதை நம்பித்தான் எங்கள் எல்லோர் மானமும் இருந்தது. சந்தேகப்படாமல் என்ன செய்வது?

நான் மட்டுமா சந்தேகப்பட்டேன்? உங்களைக் களத்தில் எல்லோரும் 'ஸயா', வாத்தியார், என்றுதான் மரியாதையாகக் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு பேச்சு. "ஸ்டாண்ட் பை" என்று நீங்கள் சொன்னதற்கும் பீப்புக்கும் நடுவில் வேண்டியவர்களுக்கு ஒரு மாதிரி, வேண்டாதவர்களுக்கு ஒரு மாதிரி இடைவெளி விடுகிறீர்களாம். டைமரே தன்னிஷ்டத்துக்கு விடும் இடைவெளி அது என்று நீங்கள் பொத்தானை அழுத்திக் காட்டிய பிறகும் பேச்சு நிற்கவில்லை. நானும் உங்கள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். நான் நன்றாகச் சுட்ட நாட்களில் பின்னாலிருந்து 'கலா' என்ற சொல் மெதுவாகக் காதில் விழும். பர்மியர்கள் நம்மவர்களைக் குறிக்கும் அந்தச் சொல்லை எந்தத் தொனியில் சொன்னால் எப்படி வலிக்கும் என்று உங்களுக்கும் தெரியும். சுடுகிறவளும் தமிழ், டைமர் பிடிக்கிறவரும் தமிழ் என்றால் பேசத்தானே செய்வார்கள்.

அதற்கு நீங்கள் கண்டுபிடித்த வழி எனக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை. கொட்டகைக்குள் கால் வைத்ததும் உங்களுக்குத் தமிழ் மறந்து போகும்.

ஒருநாள் ஆட்ட விளக்கம் முடிந்ததும் உங்கள் பக்கத்தில் வந்து, "பாய், நடுவுல குண்டு மேகசின் மாத்தியே ஆகணுமா, இல்ல விட்டுறலாமா?" என்று கேட்டேன். நீங்கள் என்னை யாரோ வழிப்போக்கரைப் போலப் பார்த்தீர்கள். பிறகு தேநீர் குடிக்கப் போயிருந்தவர்களையெல்லாம் கைதட்டித் திரும்ப வரவழைத்து, என் கேள்வியைப் பர்மிய மொழியில் சத்தமாகச் சொல்லி, பதிலையும் சத்தமாகச் சொல்லி, விளக்கத்தை முதலிலிருந்து ஒரு சொல் மாறாமல் ஒப்பித்தீர்கள். பாதிக் குவளையை வைத்துவிட்டு வந்தவர்கள் என்னை முறைத்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

திரும்பும் பஸ் பாகோ ஆற்றுப் பாலத்தில் ஏறிய பிறகுதான் உங்கள் தமிழ் திரும்பி வந்தது.

"கோவமா தங்கச்சி?"

"நா கேட்டது உங்ககிட்ட. ஊரைக் கூட்டச் சொல்லல."

"ஒனக்குத் தனியா சொன்னா, சொன்னது என்னான்னு அவங்களுக்குத் தெரியாது. தெரியாததைத்தான் மனுசன் பெருசாக்குவான். எல்லார் முன்னாடியும் கேளு, எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் உங்களுக்கு நியாயத்தைவிட நல்ல பெயர் மேல்தான் ஆசையோ என்று அன்றைக்கே எனக்கு ஒரு முள் தைத்தது. உங்களிடம் சொல்லவில்லை.

அந்த முள் சீழ் பிடித்தது கடைசிப் போட்டியில். பாங்காக் போட்டிக்கு எங்கள் குழுவிலிருந்து ஒருவருக்குத்தான் இடம். எனக்கும் கோ ஸோவுக்கும் நடுவில் நூலிழைதான். கோ ஸோ வாட்டசாட்டமான பையன், கைபேசிக் கடை வைத்திருந்தவன், தோற்றால் அரை நாள் பேசமாட்டான். அவன் தன் ஆட்டத்தை முடித்துவிட்டிருந்தான். நான் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையின் தகரக் கூரையில் கொட்டுகிற சத்தத்தையும் டைமர் குண்டுச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளும் என்பதால், அதன் காதை நீங்கள் கொஞ்சம் மந்தமாக்கி வைத்தீர்கள். அதையும் எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் செய்தீர்கள்.

என் வாழ்நாளில் நான் அப்படிச் சுட்டதில்லை பாய். கால் தானாக ஓடியது. கடைசித் தகட்டைத் தடுப்புக்குப் பின்னால் குனிந்து சுட்டேன், விழுந்தது. ஜெயித்துவிட்டேன் என்று உடம்புக்கே தெரிந்தது. சுட்டு முடித்ததும் நேரத்தை உரக்கப் படிப்பீர்களே, அதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் திரையைப் பார்த்தீர்கள். மறுபடி பார்த்தீர்கள். பிறகு அந்தப் பாழாய்ப் போன பர்மிய மொழியில், "டைமர் சரியாகப் பிடிக்கவில்லை. மறு ஆட்டம்" என்றீர்கள்.

கூட்டத்தில் முணுமுணுப்பு. டைமர் உங்கள் உள்ளங்கைக்குள் போய்விட்டது. என்ன பிடிக்கவில்லை, எதைப் பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. தமிழில் கேட்க வாயெடுத்தேன், உங்கள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். இரண்டாவது தடவை அவசரப்பட்டேன். சுடக்கூடாத வெள்ளை அட்டையில் ஒரு குண்டு பட்டது. பாங்காக் கோ ஸோவுக்குப் போனது.

அன்றைக்கு நான் உங்களோடு பஸ் ஏறவில்லை. என் கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. தமிழச்சி ஜெயித்தால் உங்கள் பெயர் கெடும். அவளுக்கு ஒரு மறு ஆட்டம் வைத்துத் தோற்கடித்தால் 'ஸயா நேர்மையானவர்' என்று ஊர் பேசும். டைமர் நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, நீங்கள்தான் என்னைக் கொடுத்து உங்கள் பெயரை வாங்கிக்கொண்டீர்கள். நீங்கள் போன் செய்தபோது எடுக்கவில்லை. பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு நீங்கள் கொடுத்தனுப்பிய பிரியாணியை என் வீட்டுக்காரர்தான் சாப்பிட்டார். "அந்த மனுசன் அப்படிப்பட்டவர் இல்ல" என்று எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னார். பிரியாணி தின்றவர் சாட்சி செல்லாது என்றேன்.

ஒருநாள் நேரில் வந்து கேட்டுவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். என்ன சொல்லித் திட்டுவது என்பதுகூடத் தயாராக இருந்தது. அதற்குள் நெஞ்சுவலி என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலை நீங்கள் பார்க்கவே இல்லையாம்.

அடக்கத்தன்று லத்தாவில் உங்கள் வீட்டு மாடியில் பெண்களோடு உட்கார்ந்திருந்துவிட்டுக் கீழே வந்தேன். தெரு முனைத் தேநீர்க் கடையில் கோ ஸோ தனியாக இருந்தான். கண் சிவந்திருந்தது. அவனைக் கண்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவனே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். அவன் பர்மிய மொழியில் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறேன்.

"அக்கா, அன்னைக்கு உங்களுக்கு மறு ஆட்டம் கொடுத்ததும் நான் ஸயாகிட்ட சண்டைக்குப் போனேன். உங்க ஆளுக்கு மட்டும் ரெண்டு வாய்ப்பான்னு கேட்டேன். அவர் டைமரை என் கையிலயே கொடுத்தாரு. நீங்க சுட்டதைவிட ஒரு சத்தம் கம்மியாதான் அதுல இருந்துச்சு. கடைசித் தகட்டை அது கேக்கவே இல்ல. அப்படியே படிச்சிருந்தா நேரம் கம்மியாகி உங்களுக்குத்தான் லாபம். அவர் படிக்கல."

"ஏன் என்கிட்ட காட்டல?" என்று கேட்டேன்.

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அதுக்கு எதுக்குக் காட்டணும், அது என்னை நம்பும்'னு சொன்னாரு."

தேநீர் ஆறிப்போனது. கோ ஸோ சொன்னதையும் நான் முழுதாக நம்பிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பாங்காக் போய் வந்தவன் அவன், அவனுக்கும் தன் வெற்றி சுத்தமானது என்று நினைத்துக்கொள்ள ஆசை இருக்கும். சாவு வீட்டு வாசலில் ஆறுதலுக்காகப் பொய் சொல்லுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பர்மிய மொழியிலும் என்னை 'அது' என்றே சொன்னதாகச் சொன்னானே, அந்தச் செல்ல அலட்சியம் உங்களுடையது. அதைக் கோ ஸோவால் கற்பனை பண்ண முடியாது. அதைக் கேட்டுத்தான் தெருவென்றும் பார்க்காமல் அழுதேன்.

இதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை பாய். தப்பு உங்களுடையது. சந்தேகப்பட்டவனுக்கு டைமரைக் கையிலேயே கொடுத்தீர்கள். எனக்கு முதுகைக் காட்டினீர்கள். ஒரு தடவை அந்தத் திரையை என் பக்கம் திருப்பியிருந்தால் போதும், நான் அன்றைக்கும் உங்கள் பக்கத்து இருக்கையில்தான் ஊர் திரும்பியிருப்பேன். ஒரு பெருநாளில் உங்கள் வீட்டுக்கு வந்திருப்பேன். இத்தனை கோபமும் வீணாய்ப் போனதே என்று இப்போது யாரிடம் சொல்வது?

உங்களுக்குப் பிறகு டைமர் பிடிக்க ஆள் இல்லாமல் போனது. சந்தேகப்படுகிறவளே பிடிக்கட்டும் என்று என்னிடம் கொடுத்துவிட்டார்கள். கொட்டகைக்குள் நான் தமிழ் பேசுகிறேன். தமிழில் கேட்டால் தமிழில் சொல்லிவிட்டு, அதையே பர்மிய மொழியில் எல்லோருக்கும் சொல்கிறேன். என் பின்னாலும் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

சும்மா இருந்த என் வீட்டுக்காரரும் இப்போது துப்பாக்கி பிடிக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை மூச்சு வாங்க ஓடி, எப்படியோ சுட்டு முடித்தார். நேரத்தைப் படிப்பதற்கு முன்பு திரையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். எத்தனை சத்தம், எவ்வளவு நேரம், நீங்களே பாருங்கள் என்றேன். அவருக்குச் சிரிப்பு.

"எனக்குமா காட்டுவே? நான்தான் ஒன்ன நம்புறேனே."

"அதுக்குத்தான் காட்டுறேன். பாருங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டுகிற வரை, கூட்டம் மொத்தமும் காத்திருக்க, நான் கையை நீட்டியபடியே நின்றேன்.