இரண்டாவது எண்ணிக்கை

அக்கா,

நேற்று எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் பாதித் துவையலில் நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து பின்பக்க மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு வயர், முனை கருகி, டெர்மினலை விட்டுக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. கருகிய பிளாஸ்டிக் நாற்றம் ஹால் முழுக்கப் பரவியது. அவர் அந்த முனையை வெட்டித் தூக்கி எறியப் போனார். "அதை இப்படிக் கொடுங்க" என்று வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய், செம்பு இழைகளை ஊசியால் பிரித்து எண்ண ஆரம்பித்தேன். மெக்கானிக் என் கணவரைப் பார்த்தார். "கண்டுக்காதீங்க, இது பழைய வியாதி" என்றார் அவர்.

எங்கே பிடித்த வியாதி என்று உனக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு முன் உன் மகள் போன் செய்து, "அம்மா போய்ட்டாங்க ஆன்ட்டி" என்று சொன்ன நாளிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்து, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கம்பெனிக்குள் உன்னை 'நீங்க' என்பேன், கேட்டைத் தாண்டினால் 'நீ' என்பேன். இது கேட்டுக்கு வெளியே எழுதுகிற மடல்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள். சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் நம் கம்பெனி. கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக் கட்டாகச் செய்து அனுப்புவோம். நான் டிப்ளமா முடித்து குவாலிட்டியில் சேர்ந்து ஒன்றரை வருடம். கழுத்தில் அடையாள அட்டை, பையில் என் பெயர் போட்ட முத்திரை, தலையில் கொஞ்சம் கனம். நீ ஐந்தாம் நம்பர் பிரஸ்ஸில் உட்கார்ந்திருப்பாய். முனை உரித்த வயரை ஒரு சின்னப் பித்தளை டெர்மினலில் வைத்துப் பெடலை மிதித்தால், பிரஸ் இறங்கி இரண்டையும் அமுக்கி ஒன்றாக்கிவிடும். க்ரிம்பிங் என்போம். கோவளத்துப் பக்கத்து மீனவர் குடும்பம் உன்னுடையது; சேலையூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாய். உன் அம்மா தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றார். "எங்கம்மா எறா உரிக்குது, நான் உரிச்ச வயர அமுக்கறேன். ரெண்டு பேருக்கும் கை நாறுது" என்று சொல்லிச் சிரிப்பாய்.

அப்போதுதான் பிரஸ்களுக்கு மானிட்டர் வந்தது. ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் எவ்வளவு விசை விழுந்தது என்று அளந்து, திரையில் ஒரு குன்று போலக் கோடு வரையும். காலையில் முதல் வேலையாக ஐந்து நல்ல வயர்களை அடித்துக் காட்டி, 'இதுதான் சரி' என்று அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். பிறகு நாள் முழுக்க ஒவ்வொரு அடியையும் அந்த ஐந்தோடு ஒப்பிடும். விசை கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு விளக்கு எரிந்து பிரஸ் பூட்டிக்கொள்ளும். அந்தத் துண்டை வெட்டிச் சிவப்புப் பெட்டியில் போட்டால்தான் மறுபடி ஓடும். நீ அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தாய். ஒரே வாரத்தில் மொத்த லைனும் அப்படித்தான் கூப்பிட்டது. "இன்னாடி, மாமியார் மூஞ்சி செவந்துகீதா?" என்று நீ பக்கத்து பிரஸ்காரியைக் கேட்பது இப்போதும் காதில் விழுகிறது.

மாமியாருக்குக் கற்றுக்கொடுப்பது என் வேலை. அதற்கு முன், அந்த ஐந்து வயரிலும் பத்தொன்பது இழைகள் முழுசாக இருக்கின்றனவா என்று லென்ஸில் எண்ணிப் பார்த்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்த வேண்டும்.

அந்த வியாழக்கிழமை ரயில் வண்டலூர் தாண்டி முக்கால் மணி நேரம் நின்றுவிட்டது. நான் ஓடி வந்து சேர்ந்தபோது நீங்கள் எல்லோரும் கை கட்டி உட்கார்ந்திருந்தீர்கள். ஏற்றுமதிச் சரக்கு மாலையில் கிளம்ப வேண்டும். சூப்பர்வைசர் சார் என்னைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்; அந்த மனிதருக்குத் திட்டத் தெரியாது, அதுவே போதும். உன் ட்ரேயிலிருந்து ஐந்து வயர் எடுத்தேன். அடித்தேன். இழுத்துப் பார்த்தேன், தாங்கியது. மாமியாருக்குக் கற்றுக்கொடுத்தேன். எண்ணவில்லை. 'இழை எண்ணிக்கை சரி' என்ற கட்டத்தில் டிக் அடித்து, முத்திரை குத்திவிட்டு அடுத்த பிரஸ்ஸுக்கு ஓடினேன்.

ஒன்பதரைக்கு மேல் உன் விளக்கு சிவக்க ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, பிறகு வரிசையாக. நான் வந்து உன் பின்னால் நின்றேன். வயரைச் சரியாக உள்ளே நுழைக்காவிட்டால் சிவப்பு வரும். அதைத் தவிர வேறு காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. என் காலை நேரத்து எரிச்சல் மொத்தத்தையும் உன் தலையில் கொட்டினேன்.

"கை எங்க இருக்கு, கவனம் எங்க இருக்குக்கா? புதுசா சேர்ந்தவங்ககூட ஒழுங்கா அடிக்கிறாங்க!"

பன்னிரண்டு பிரஸ்களும் நின்று கேட்டன. நீ திரும்பி, ரொம்ப மெதுவாகச் சொன்னாய்: "மாமியாரு கத்துகினததான் மேடம் சொல்லுது. கத்துக்குடுத்தது யாரு?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. சூப்பர்வைசரிடம் போய் உன்னை மாற்றச் சொன்னேன். உன்னை டேப் சுற்றும் மேஜைக்கு அனுப்பி, உன் ஃபைலில் 'கவனக்குறைவு' என்று எழுதினார். சனிக்கிழமை, நிரந்தரமாகிறவர்கள் பட்டியலை ஒட்டப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மஞ்சள் தொப்பி, கம்பெனி ரோலில் இருப்பவர்களுக்கு நீலத் தொப்பி. நீலம் வந்துவிட்டால் 'நாளைக்கு வராதே' என்று ஒருத்தரும் சொல்ல முடியாது. உன் வீட்டுக்காரருக்கு ஆட்டோ இடித்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகு, அந்த நீலத் தொப்பிக்காக நீ இரண்டு வருடம் ஒரு நாள்கூட லீவு போடாமல் வந்துகொண்டிருந்தாய். அதுவும் எனக்குத் தெரியும்.

ஆள் மாறினால் மாமியாருக்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது விதி. இந்த முறை ஒழுங்காக எண்ணித்தான் கற்றுக்கொடுத்தேன். உன் இடத்தில் வந்த பெண் அடித்தாள். ஒரு சிவப்பு இல்லை. "பாத்தியாம்மா, ஆளை மாத்தினதும் சரியாயிடுச்சு" என்றார் சூப்பர்வைசர். நானும் தலையாட்டினேன். இதை எழுதும்போதுகூட முகம் சுடுகிறது.

சாப்பாட்டு நேரத்தில் நீ என் எதிரே வந்து உட்கார்ந்தாய். டிபன் பாக்ஸைத் திறப்பாய் என்று பார்த்தால், மூடியில் இரண்டு டெர்மினல்களை வைத்தாய்.

"இது செவப்புப் பெட்டில இருந்து எடுத்தது. எண்ணு."

டெர்மினலின் மூக்கில் துருத்தி நிற்கும் இழைகளை லென்ஸில் எண்ணினேன். பத்தொன்பது.

"இது மாமியாரு நல்லாக்கீதுன்னு உட்டது. காலைல அடிச்சது. எண்ணு."

பதினேழு.

"வயர் உரிக்கிற மெஷின்ல பிளேடு பல்லு போயிருந்திச்சு. எட்டரைக்குத்தான் மாத்துனாங்க. பழைய கட்டு கொஞ்சம் என் ட்ரேல கெடந்துகீது, எனக்கே அப்ப தெரியல. நீ அதுலருந்துதான் அஞ்சு எடுத்த."

அதற்கு மேல் நீ விளக்கவில்லை, விளக்கவும் தேவையில்லை. இரண்டு இழை வெட்டுப்பட்ட வயரைக் காட்டி 'இதுதான் சரி' என்று நான் கற்றுக்கொடுத்திருந்தேன். மாமியார் அதை அப்படியே நம்பி, முழு வயர் வந்தபோதெல்லாம் தப்பு என்று கத்தியிருக்கிறாள். அரைகுறை வயரைப் பாஸ் பண்ணியிருக்கிறாள். உன் கையில் ஒரு குற்றமும் இல்லை. நீ சாப்பிட ஆரம்பித்தாய். நெத்திலிக் குழம்பில் வழக்கம்போல் எனக்கும் கொஞ்சம் எடுத்து வைத்தாய்.

நான் செய்தது பாதி. காலையில் பாஸான ட்ரேயைத் தேடிப் பிடித்து, 'சந்தேகம், நிறுத்தி வை' என்று மஞ்சள் அட்டை கட்டித் தனியாக வைத்துவிட்டேன். சரக்கு தப்பித்தது. யார் தப்பு என்று ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பொய்க் கையெழுத்து வெளியே வரும், வேலை போகும், வீட்டில் தங்கை கல்யாணம் நின்றுபோகும் என்று எனக்கு நானே நூறு காரணம் சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் ஜி.எஸ்.டி. ரோட்டில், நீ பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில், நான் உன் பக்கத்தில் வந்து நின்றேன். வழக்கமாகப் பூக்காரம்மாவிடம் பேரம் பேசுகிறவள், அன்று பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாய். பஸ் வந்தது. படியில் கால் வைத்துத் திரும்பினாய்.

"அந்த ட்ரேய காப்பாத்திட்ட. நல்லது. நானு?"

பஸ் போய்விட்டது.

மறுநாள் காலை ஷிஃப்ட் தொடங்கும்முன் எல்லோரும் வரிசையாக நிற்கும் கூட்டம். சூப்பர்வைசர் அன்றைய டார்கெட்டைப் படித்து முடித்ததும் நான் முன்னால் போனேன். "நேத்து அஞ்சாம் நம்பர் பிரஸ்ல தப்பு என்னோடது. நான் எண்ணாம கையெழுத்துப் போட்டேன். அக்கா சரியாத்தான் அடிச்சாங்க" என்றேன். திட்டியது எல்லோர் முன்னாலும். இதையும் எல்லோர் முன்னாலும்தான் சொல்ல வேண்டும் என்று ராத்திரி முழுக்க எனக்குப் பட்டது அவ்வளவுதான். மூன்றாவது வரிசையில் நீ உன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

வேலை போகவில்லை. முத்திரையைப் பிடுங்கிக்கொண்டு மூன்று மாதம் என்னை டேப் மேஜையில் உட்காரவைத்தார்கள். உன் ஃபைலில் எழுதியதை அடிக்க ஆபீஸுக்கு ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் சனிக்கிழமைப் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். உன் பெயர் இல்லை. அடுத்த மாதப் பட்டியலில்தான் வந்தது. நீலத் தொப்பியோடு டேப் மேஜைக்கு வந்து என் முன்னால் நின்று, "எப்டி கீது?" என்று இடதும் வலதும் திரும்பிக் காட்டினாய். நான் அழுதேன். "ஒரு மாசம்தானே போச்சு, உடு. டேப்ப நனைக்காத" என்றாய்.

முத்திரை திரும்ப வந்த முதல் நாள் நீ ஐந்து வயர்களோடு காத்திருந்தாய். "நீ எண்ணு. அப்பால நான் எண்றேன்." நான் எண்ணினேன், நீ எண்ணினாய், பிறகுதான் மாமியாருக்குப் பாடம். படிவத்தில் என் கையெழுத்துக்குக் கீழே பேனாவால் ஒரு கட்டம் போட்டு நீயும் கையெழுத்திட்டாய். விதியில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. மற்ற பிரஸ்காரிகளும் போட ஆரம்பித்தார்கள். ஒரு வருடத்தில் கம்பெனியே அந்தக் கட்டத்தை அச்சடித்துவிட்டது.

கல்யாணமாகி மேடவாக்கம் வந்தேன், வேறு கம்பெனிகளுக்கு மாறினேன். போன இடத்திலெல்லாம் என் படிவங்களில் இயக்குபவருக்கு என்று ஒரு கட்டம் இருக்கிறது. எதற்கு என்று கேட்டால் 'இருக்கட்டும்' என்பேன். நாம் போனில் பேசுவதும் தீபாவளிக்கு ஒரு முறை என்று குறைந்தது. அப்போதும் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. அன்று கூட்டத்தில் தப்பு என்னுடையது என்றேன். மன்னித்துவிடு என்று உன்னிடம் சொல்லவே இல்லை. அந்த மூன்று மாதமும் தினம் நெத்திலிக் குழம்பு கொடுத்தவளிடம் அதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்று நினைத்துவிட்டேன். வேண்டும். மன்னித்துவிடு அக்கா.

நேற்று அந்தக் கருகிய வயரை எண்ணினேனே, பதினெட்டு வந்தது. செய்தவன் ஓர் இழையை வெட்டிவிட்டான் என்று எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஒருத்தனைத் திட்டப் போனேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம் உன் முறைக்காக மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். கரியோடு ஒட்டிக்கொண்டு ஓர் இழை ஒளிந்திருந்தது.

பத்தொன்பது.