நடு மூன்றாம் சுரம்

3 செப்டம்பர் 2025, புதன்

பிரான்சியைப் பொறாமையால்தான் பாடகர் குழுவிலிருந்து நீக்கினேன் என்று பங்கில் இன்னும் பேசுகிறார்கள். தவறு. என் கணவர் அற்புதசாமியின் அடக்கப் பூசையில் அவள் புலம்பல் பாடினாள். கோயிலே அழுதது. அடுத்த மாதம் அவளை நீக்கினேன். இந்த மூன்றும் உண்மை. காரணம் மட்டும் பொய். அவளுடைய மூன்றாம் சுரம், அதாவது ஈ, தாழ்ந்திருந்தது. ஆர்மோனியம் வாசிப்பவள் நான். சுருதிக்குப் பொறுப்பும் நான். 2004-இல் அவளுக்கு எழுதிய கடிதத்தின் நகல் இருக்கிறது: "ஈ சுரம் தாழ்வு. மூன்று முறை எச்சரித்தாயிற்று."

இன்று பங்குத்தந்தை கேட்டார்: "கல்லறைத் திருநாளுக்கு அந்தப் புலம்பல வைக்கலாமா டீச்சர்? பிரான்சிம்மா பாடினாத்தான் பாட்டுங்கிறாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது?

4 செப்டம்பர்

அடக்கத்தின் கேசட் பீரோவில் இருக்கிறது. நிரூபித்துவிடலாம்.

9 செப்டம்பர், செவ்வாய்

கேசட்டை டேப்லெட்டில் ஏற்றித் தரப் பெலிண்டா ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு வந்தாள். பிரான்சியின் மகள். இப்போது குழுவில் கீபோர்டு வாசிப்பவள். எதற்கு என்று நான் சொல்லவில்லை. சுருதி அளக்கும் செயலியையும் போட்டுத் தந்தாள்.

அதில் அரைச் சுரத்துக்கு நூறு புள்ளி. ஸி-யிலிருந்து பெரிய மூன்றாம் சுரம் நானூறு, அது மகிழ்ச்சிக்கு. சிறியது முந்நூறு, துக்கத்துக்கு. கான்வென்டில் மதர் கற்றுத்தந்தவை இந்த இரண்டுதான். வேறு கிடையாது என்றார்.

பிரான்சி: 348. 353. 350. 351. 347. பதினோரு இடங்கள். எல்லாமே முந்நூற்றைம்பதை ஒட்டி.

கேசட் மெதுவாக ஓடியிருக்குமோ? ஓடினாலும் எல்லாச் சுரங்களும் சேர்ந்தே இறங்கும். இடைவெளி மாறாது.

சுருதி பிசகுகிறவள் பதினோரு முறையும் ஒரே அளவு பிசகமாட்டாள்.

10 செப்டம்பர்

மறுபடி அளந்தேன். அதேதான்.

14 செப்டம்பர், ஞாயிறு

பூசை முடிந்து வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஸி-யிலிருந்து ஜி எழுநூறு. அதைச் சரிபாதியாக வெட்டினால் முந்நூற்றைம்பது. பிரான்சி நிற்கும் இடம் அது. பெரியதும் இல்லை, சிறியதும் இல்லை, நடு. அதே அளவை மேலே மேலே அடுக்கினேன்: ஸி, தாழ்ந்த ஈ, ஜி, தாழ்ந்த பி, டி, உயர்ந்த எஃப், ஏ. ஏழு சுரம். வரிசைப்படுத்தினால் ஒரு முழு ஸ்கேல். கடையில் விற்கும் எந்த ஆர்மோனியத்திலும் அது இல்லை. என்னுடையதிலும்.

22 செப்டம்பர், திங்கள்

ஆர்மோனியப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, அதைப் பழுதுபார்க்கும் குத்புதீனிடம் போனேன். மூன்று கட்டை, மூன்று ஸ்தாயி, இரண்டு வரிசை. பதினெட்டு ரீடு, ஒலி எழுப்பும் பித்தளை நாக்குகள். ஈயும் பியும் ஐம்பது புள்ளி இறங்க வேண்டும், எஃப் ஐம்பது ஏற வேண்டும்.

"டீச்சர், நாப்பது வருஷமா சுருதி சேத்துக் குடுக்கறேன். கெடுத்துக் குடுன்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்."

"கெடுக்கவில்லை. நடுவில் வைக்கச் சொல்கிறேன்."

"அடில சுரண்டினா எறங்கும், நுனில சுரண்டினா ஏறும். சுரண்டின பித்தளை திரும்பி வராதுங்க. பெறவு என்னய வையக் கூடாது."

வையமாட்டேன் என்றேன். அவர் எழுதி வாங்கிக்கொண்டிருக்கலாம். எல்லோருக்கும் என்னைத் தெரியும்.

30 செப்டம்பர்

பெட்டி வந்தது. ஒரு எஃப் நான்கு புள்ளி அதிகம். திருப்பி அனுப்பினேன்.

3 அக்டோபர், வெள்ளி

பெட்டி திரும்ப வந்தது, சரியாக இருக்கிறது. ஸி, ஈ, ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. ஈ-யில் தொடங்கினாலும் ஜி, பி, டி-யில் தொடங்கினாலும் அந்த மூன்று சுரக் கார்டுக்கு அதே நிறம். ஐந்து கார்டு. எஃப்-பிலோ ஏ-யிலோ தொடங்கினால் மட்டும் ஊளையிடுகிறது. ஏ-யிலிருந்து ஸி வெறும் முந்நூறு, அடுக்கு அங்கே மூடவில்லை. அந்த இரண்டையும் வாசிக்காமல் விட்டால் போதும்.

பெட்டிக்கும் கேசட் சுருதிக்கும் நாலு புள்ளி வித்தியாசம். பெலிண்டா அதைச் செயலியில் சரிசெய்தாள். கேசட்டை ஓடவிட்டுக் கூடவே வாசித்தேன். பிரான்சியின் குரல் என் கட்டைக்குள் அப்படியே உட்கார்ந்தது. உரசல் இல்லை.

பெலிண்டா பதிவை நிறுத்தினாள். பிறகு, "இத அம்மா இப்பவும் பாடுவாங்க டீச்சர், பாத்திரம் வெளக்கறப்ப. கோயில்ல மட்டும் வாயத் தொறக்க மாட்டாங்க."

"ஏன்?"

"நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க."

5 அக்டோபர்

அடக்கத்தன்று வாசிக்க வேறு ஆள் இல்லை என்று நானே உட்கார்ந்தேன். அந்தச் சுரம் வந்த இடத்தில் என் விரல் நழுவியது. வாழ்நாளில் ஒரே முறை. கேசட்டில் அதுவும் கேட்கிறது. பெலிண்டா கவனித்திருப்பாள்.

எல்லோர் முன்னாலும் நான் அழுதேன். அதற்குத் தண்டனை யாருக்குக் கொடுத்தேன்?

பொறாமை இல்லை. ஆனால் சுருதி மட்டுமா? — இல்லடி பிரான்சி. இல்ல.

7 அக்டோபர்

பெலிண்டா, "போன் போட்டுத் தரேன், ரெண்டு வார்த்தை பேசுங்க டீச்சர். அம்மா கே.கே. நகர்லதானே இருக்காங்க, நேர்லகூடப் போகலாம்" என்றாள். வேண்டாம். எழுத்தில் நீக்கியதை எழுத்தில்தான் திருத்த வேண்டும்.

8 அக்டோபர், புதன்

இன்று தபாலில் சேர்த்ததன் நகல்:

"பிரான்சி, 2004-இல் நான் உனக்கு எழுதிய கடிதம் தவறு. உன் ஈ தாழ்வு இல்லை. அந்தச் சுரம் என் பெட்டியில் இல்லை, அவ்வளவுதான். அளந்து பார்த்துச் சொல்கிறேன். அந்தக் கடிதத்துக்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. அது உன்னைப் பற்றியது அல்ல. இந்தக் கடிதத்தைக் குழுவில் வாசித்துக் காட்டலாம். பங்குத்தந்தைக்கும் ஒரு நகல் கொடுத்திருக்கிறேன். இப்போது பெட்டியை உன் குரலுக்குச் சேர்த்து வைத்திருக்கிறேன். மறுபடி பழையபடி மாற்ற முடியாது. நவம்பர் 2, மாலை ஐந்து மணி, கல்லறைப் பூசை. நீ பாடுவாய் என்றால் நான் வாசிப்பேன். பாடமாட்டாய் என்றால் அந்தப் பாட்டு வேண்டாம். எதுவானாலும் 25-ஆம் தேதிக்குள் எழுத்தில் பதில் போடு."