மூடின ஃபேக்டரியின் மண்

நவ. 4, செவ்வாய்

மேகமூட்டம். காலையிலிருந்து பொடித் தூறல். யூனிஃபார்ம் காயவில்லை, ஈரத்தோடே போட்டுக்கொண்டு டியூட்டி. வார்டில் இரண்டு நர்ஸ் லீவு. முழங்கால் வீக்கம்.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தால் வாசலில் மகேஷ். கான்ட்ராக்ட் சூப்பர்வைசர். கையில் ஃபைல். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூடிக்கிடக்கும் குரோம் முலாம் ஃபேக்டரியில் விஷ மண் எடுக்கிற வேலை முடிந்துவிட்டதாம்.

"எல்லா கிளீன் ஆய்த்து மேடம். ஒந்து சைன், அஷ்டே." எல்லாம் சுத்தமாகிவிட்டதாம், ஒரு கையெழுத்து போதுமாம்.

எங்கள் லைன் வீடுகளின் கமிட்டிக்கு நான்தானே பிரதிநிதி. (யாரும் ஒத்துக்கொள்ளாததால்.)

"டெஸ்ட் ரிப்போர்ட் எங்கப்பா?"

"வருது மேடம்."

"வரட்டும். பாத்துட்டுப் போடுறேன்."

மகேஷின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ஃபைலை மூடிக்கொண்டு போனான்.

எனக்காக எழுதி வைக்கிறேன், மீட்டிங்கில் உளறக் கூடாது:
— அழுக்கு பண்ணினவன்தான் செலவை ஏற்கணும். சட்டம் அப்படி.
— ஓனர் கம்பெனி திவால் என்று சொல்லிவிட்டு பெங்களூரில் உட்கார்ந்திருக்கிறார். அதனால் அரசாங்கம் முதலில் போடுகிறது, பிறகு அவரிடம் வசூல் பண்ணுமாம். வசூலாகும்போது பார்க்கலாம்.
— கான்ட்ராக்டருக்குப் பணம் தவணை தவணையாக. கடைசித் தவணைக்கு ரிப்போர்ட், கமிட்டி கையெழுத்து, இரண்டும் வேண்டும்.
— அந்தத் தவணை போய்விட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள். அப்புறம் நாம் கத்தினாலும் கேட்க ஆள் இல்லை.

தக்காளி வாங்க மறந்தேன்.

நவ. 5, புதன்

வெயில். துணி காய்ந்தது, நிம்மதி.

வீட்டுக்காரர் அருள் இன்று ஷேவ் பண்ணியிருந்தார். என்ன விசேஷம் என்றேன். மகேஷ் வந்து பேசினானாம். சுத்தம் பண்ணின இடத்துக்கு வாட்ச்மேன் போடப் போகிறார்களாம், அருளுக்குத்தானாம்.

"நீ ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது, ரோஸ்லின்."

எனக்குச் சுருக்கென்றது. கத்த வாய் வரவில்லை. பதினாலு வருஷம் அந்த முலாம் தொட்டியில் நின்ற மனுஷன். குரோம் ஆவி அரித்து மூக்குக்குள் நடுத்தண்டில் ஓட்டை. கையெல்லாம் ஆறின புண்ணின் வடு. ஃபேக்டரி மூடினதிலிருந்து நிரந்தர வேலை கிடையாது, என் சம்பளத்தில் சாப்பிடுகிறோம் என்று உள்ளுக்குள் குன்றிப்போய் இருக்கிறார். அந்த இடத்தையே காவல் காக்க ஆசை காட்டுகிறார்கள்.

"ரிப்போர்ட் வரட்டும்"னு மட்டும் சொன்னேன். தட்டில் கை கழுவி எழுந்துவிட்டார்.

நவ. 7, வெள்ளி

ரிப்போர்ட் வந்தது. மாதிரி எடுத்த இடங்கள் மொத்தமும் முன்பக்கம். பின்பக்கம் ஒன்றுகூட இல்லை. ஆனால் மஞ்சள் தண்ணி வருகிற போர்வெல் எங்களுடையது, அது பின்பக்கம்! (அதனால்தானே இப்போது டேங்கர் தண்ணீர்.)

வீக்லி ஆஃப். பக்கத்து வீட்டு மஞ்சுளா அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். கமிட்டிக்குப் பார்க்க உரிமை உண்டு என்ற லெட்டரைக் காட்டினதும் கேட் திறந்தார்கள். முன்பக்கம் புதுச் செம்மண், ரோலர் போட்டு நேர்த்தியாக. பின்னால் பம்ப் ரூம். அதற்குப் பின்னால் ஒரு திட்டு. சுற்றிலும் பார்த்தீனியம் இடுப்பளவு, அங்கே மட்டும் ஒரு புல் இல்லை.

கிளவுஸ், மாஸ்க், ரப்பர் செருப்பு, கடப்பாரை. இரண்டு முழம் போவதற்குள் மண் நிறம் மாறியது. எலுமிச்சை மஞ்சள். மழை ஈரத்தில் பளபளவென்று.

மஞ்சுளா அக்கா: "அய்யோ தேவரே. இதன்னா நாவு குடிதித்து?"

ஆமாம் அக்கா. இதைத்தான் குடித்தோம்.

போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போது மதில் பக்கமிருந்து அருள் குரல். ஓடி வந்திருந்தார், மூச்சு வாங்கியது.

"கையை வெக்காத புள்ள! எடுக்காத! அது அடி வரைக்கும் இருக்கு."

திரும்பிப் பார்த்தேன். அடி வரைக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நவ. 8, சனி

மதியம் அவராகவே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

தொட்டி அடியில் சேரும் சகதி. அதை லாரியில் அனுப்பினால் செலவு என்று ஓனர் பம்ப் ரூம் பின்னால் குழி வெட்டச் சொன்னார். கொட்டினது அருளும் இன்னொருவரும். அந்த இன்னொருவர் இப்போது இல்லை. வருஷக்கணக்காகக் கொட்டியிருக்கிறார்கள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நம்ம போர்ல மஞ்சளா வந்தப்போ சொல்லணும்னு இருந்தேன். நீ கமிட்டில நின்னு கத்துற, கொட்டுனவன் ஊட்டுக்குள்ளயே இருக்கான்னு எப்படிச் சொல்றது?"

சொந்த ஊர் கௌதள்ளியிலிருந்து இவர் வந்து முப்பது வருஷம், பயந்தால் இன்னும் ஊர்ப் பேச்சுதான் வருகிறது. கோபம் வந்தது. நிறைய வந்தது. அவரைப் பார்த்தால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வெளியே சொன்னால் தன்னைப் பிடிப்பார்கள் என்கிறார். பிடிக்கலாம். எனக்கும் தெரியாது.

"நீங்க சொல்லுங்கன்னு நான் கேக்கல. ஆனா கையெழுத்துப் போட மாட்டேன். அந்த வேலையும் வேண்டாம்."

அரிசி ஊற வைத்தேன்.

நவ. 10, திங்கள்

ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ் போனேன். அதிகாரி மரியாதையான மனுஷர், டீ சொன்னார். போட்டோக்களைப் பார்த்தார். பெருமூச்சு.

அவர் சொன்னது: திட்டத்தில் முன்பக்கம் மட்டும்தான். பின்பக்கத்துக்குப் புது எஸ்டிமேட், புது அனுமதி. அதுவரை இதை முடிந்ததாகக் காட்டினால்தான் நல்லது. இந்த நிதியாண்டில் செலவாகாத பணம் திரும்பிப் போய்விடும். "நிம்மிந்த எல்லாரிகூ லாஸ், மேடம்."

என்னால் எல்லோருக்கும் நஷ்டமாம்!

"சார், நான் நர்ஸ். வயித்துல சீழ் இருக்கிறவருக்குக் கையில கட்டுப் போட்டு டிஸ்சார்ஜ் ஷீட் எழுதச் சொன்னா எழுத மாட்டேன்." கன்னடத்தில் சொன்னேன், தடுமாறாமல்.

அங்கேயே உட்கார்ந்திருந்த மகேஷ் குறுக்கே: ஒரு பொம்பளையால் பில் நிற்கிறது.

"ஆமா, நிக்குது. நிக்கட்டும்."

ஃபாரத்தை வாங்கி, கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே பெரிதாகக் கன்னடத்தில் எழுதினேன்: பம்ப் ரூம் பின்பக்கம் விஷ மண் அப்படியே இருக்கிறது, வேலை முடியவில்லை. அதற்குக் கீழே என் பெயர். ஒரு நகல் சீல் போட்டு வாங்கும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. டீ ஆறிப்போனது.

அதிகாரி கடைசியில்: எழுத்தில் வந்துவிட்டது, இனி பார்க்காமல் விட முடியாது. புதன்கிழமை துளைபோடும் மெஷினோடு வருகிறேன். இடத்தைச் சரியாகக் காட்ட ஆள் இருந்தால் நல்லது.

வீட்டில் இதை அப்படியே சொன்னேன். அருள் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

நவ. 11, செவ்வாய்

டபுள் டியூட்டி. எழுத ஒன்றும் இல்லை.

நவ. 12, புதன்

பனி மாதிரி குளிர். மெஷின் பத்தரைக்கு வந்தது. லைனில் பாதிப் பேர் மதிலோரம். நான் காட்டத் தயாராக முன்னால் போனேன். அதற்குள் அருள் என்னைத் தாண்டிப் போனார். சுண்ணாம்புப் பொடிப் பையோடு. எப்போது வாங்கினாரோ.

யாரையும் பார்க்கவில்லை. பம்ப் ரூம் சுவரிலிருந்து அடி எண்ணி நடந்தார். கோடு போட்டார். நான் நினைத்ததைவிட மூன்று மடங்கு பெரிய இடம்.

முதல் துளை. குழாயில் வந்த மண் மேலிருந்து கீழ்வரை மஞ்சள். இரண்டாவதும். மூன்றாவதற்கு அதிகாரி போதும் என்று கை காட்டினார். ஃபோனில் யாரிடமோ: பில் நிறுத்தி வையுங்கள், திட்டம் திருத்தணும். மகேஷ் ஜீப்பில் ஏறிப் போய்விட்டான்.

மாதக்கணக்கில் ஆகும் என்கிறார் அதிகாரி. ஆகட்டும். அதுவரை டேங்கர் தண்ணீர் தொடரும் என்று எழுதி வாங்கிவிட்டேன்.

பிறகு அதிகாரி அருள் பக்கம் திரும்பினார். சாட்சி இல்லாமல் ஓனரிடம் ஒரு பைசா வசூலாகாது, கோர்ட்டில் நிற்காது. "நீவு ஹேள்தீரா? நிமகூ தொந்தரே ஆகபஹுது." சொல்வீர்களா, உங்களுக்கும் தொந்தரவு வரலாம்.

அருள் என்னைப் பார்த்தார். சொல் என்றும் காட்டவில்லை, வேண்டாம் என்றும் காட்டவில்லை; முடிவு அவருடையது.

"கொட்டுனது நான் சார். கொட்டச் சொன்னது அவர்."

ஓனர் பெயரை முழுசாகச் சொன்னார். அப்பா பெயர், வீட்டு விலாசம், குழி வெட்டச் சொன்ன அன்று பக்கத்தில் நின்ற மேனேஜர் பெயர். அதிகாரியின் பேனா நின்றது.

"எழுதிக்கோங்க சார். மெதுவாச் சொல்றேன்."