கொசுவுக்குப் போட்ட புகை

அன்பு மகளுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம், என் வலது மணிக்கட்டைத் தவிர. ஏணியில் இன்னும் ஒரு படி இருக்கிறதென்று கால் வைத்தேன், இல்லை. வெறும் சுளுக்குதான், பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள், நடுவில் பாடப்புத்தக வார்த்தை வந்தால் அது அவளுடையது. உன் குட்டிக்கு மூச்சிழுப்பு எப்படி இருக்கிறது? மருந்தை எந்நேரமும் கைப்பையிலேயே வைத்துக்கொள்.

போன கடிதத்தில், மழைக்காலத்திலும் இங்கே காற்று சரியில்லை, டிக்கெட்டை ரத்து செய்துவிடு என்று எழுதியிருந்தேன். இன்னும் செய்யவில்லையென்றால் செய்யாதே. சதுப்பு நிலத்து ஓரம் காற்றுத் தூசியை அளக்க ஆபீஸ் வைத்திருக்கும், காற்றை உறிஞ்சும் மெஷினில் வாராவாரம் ஏணியேறி தூசி பிடிக்கும் வடிதாளை மாற்றுகிறேன் அல்லவா, அந்தத் தாளைப் பார்த்தே எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம். வெயில் காலத்தில் காய்ந்த நாணலை எரிக்கிறார்கள், தாள் சட்டி அடியைப்போல் கரியாகிவிடும். கடற்காற்று மாதங்களில் வெளிறிய சாம்பல், அதில் உப்பு இருக்கிறதாம், நக்கிப் பார்க்கட்டுமா என்று உன் தங்கை கேட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். நாணல் பூத்தால் இளமஞ்சள், அது மகரந்தத் துகள் (இந்த வார்த்தை அவளுடையது). மழை பிடித்துவிட்டால் யாரோ காற்றை அலசிப் போட்டதுபோல் தாள் ஏறக்குறைய வெள்ளையாகவே திரும்பி வரும். அதை நம்பித்தான் குட்டியைக் கூட்டிக்கொண்டு மழையில் வா என்றேன். இந்த வருடம் மழை கொட்டிய பிறகும் தாள் கறுத்தே வந்ததும் மனசு விட்டுப்போய் அப்படி எழுதிவிட்டேன்.

உன் தங்கைதான் விடவில்லை. கொடியில் காயும் என் பள்ளிச் சட்டை வெள்ளையாகத்தானே இருக்கிறது, தாளுக்கு மட்டும் என்ன வந்தது என்று என்னோடு கிளம்பி வந்தாள். வந்தவள் ஏணிக்குக் கீழே பார்த்தாள். மழை தொடங்கியதிலிருந்து கொசு மொய்க்கிறதென்று உன் அப்பா தையல் கடையைச் சாத்திவிட்டு எனக்குத் துணையாக வருகிறார். பழைய சட்டியில் ஈர இலையைப் போட்டுப் புகை மூட்டுவார், நாங்கள் வீடு திரும்பிய பிறகும் அது கனிந்துகொண்டே கிடக்கும். நேர் மேலே மெஷினின் வாய், அதில் நான் அப்போதுதான் போட்ட புதுத் தாள். வாராவாரம் அந்தப் புகையில் நின்று இருமியிருக்கிறேன், எனக்கு உறைக்கவில்லை பார். தாளைக் கறுக்க வைப்பது இந்தப் புகைதான் என்று இவள் சொன்னதற்கு அப்பா கேட்டார்: "கொசு உங்கம்மாவைக் கடிக்குதா, மெஷினைக் கடிக்குதா? நான் யாரைப் பார்க்கிறது?" இப்போது சட்டியை விட்டுவிட்டு அட்டையால் விசிறுகிறார். ஆபீசில் சொன்னேன், திட்டுவார்கள் என்று பார்த்தால் சிரித்துவிட்டு அந்தத் தாள்களைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவிட்டார்கள்.

இந்த வாரத் தாள் வெள்ளை. அது ஆபீசுடையது, அனுப்ப முடியாது. அதனால் அப்பா கடையிலிருந்து வெள்ளைத் துணி கத்தரித்து, நீங்கள் படுக்கப்போகும் அறை ஜன்னலில் ஒரு வாரம் கட்டி வைத்தார். அதைத்தான் இதோடு வைத்திருக்கிறேன். ஓரத்தில் கறுப்பாக ஒன்று ஒட்டியிருக்கும், கரி இல்லை, கொசு. மழை ஈரத்தில் சுவரில் பூத்திருந்த பூஞ்சையையும் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. எதற்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கிளம்பு. கொசுவலையை மறக்காதே. குட்டி மூச்சு முட்டாமல் ஓடி விளையாட வேண்டும், நீயும் மாப்பிள்ளையும் நிறைவாக இருக்க வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா

அக்கா, இது நான். அம்மா படி தவறியது அந்தப் புகையில் கண் தெரியாமல். அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை.